ஏர் ரைஃபிள் வாங்கணும்: ஸ்பிரிங்கா, பிசிபியா, சிஓ2வா? ஒரே குழப்பமா இருக்குங்க

பொள்ளாச்சி_தோப்புக்காரன்:

வணக்கமுங்க எல்லாருக்கும். இங்க நான் புதுசு. பழைய பதிவெல்லாம் உக்காந்து படிச்சேன், படிக்கப் படிக்க குழப்பம்தான் சாஸ்தி ஆகுது, அதான் நேராவே கேட்டுப்போடலாம்னு.

மகளுக்கு 13 வயசுங்க. ஸ்கூல்ல ஒரு ஷூட்டிங் கேம்ப்புக்கு கூட்டிட்டுப் போனாங்க, அதுல புடிச்சுப்போயி இப்ப வாரக்கடைசி ஆனா ரைஃபிள் கிளப்புக்குப் போயிருது. அங்க கிளப் துப்பாக்கிலதான் பழகுது. வீட்லயும் ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பான்னு ஒரே நச்சரிப்பு. எனக்கும் ஆசைதானுங்க, பொய் சொல்லக்கூடாது, சாயங்காலம் தோப்புல நாலு டப்பாவ வச்சு சுட்டுட்டு இருந்தா நல்லாத்தான இருக்கும்.

கடைக்குப் போனா அவரு "ஸ்பிரிங் எல்லாம் பழசுங்க, பிசிபி எடுத்துக்குங்க, காத்த முன்னாடியே அடைச்சு வச்சு சுடறது, தோட்டா மாதிரி போகும்"ங்கறாரு. மச்சான் என்னடான்னா கேஸ் ராம்தான் இப்ப எல்லாரும் வாங்கறாங்க, ஸ்பிரிங்கும் வேண்டாம் பிசிபியும் வேண்டாம்ங்கறாப்ல. ஆன்லைன்ல பாத்தா சின்ன கேஸ் குப்பி போட்டு சுடற சிஓ2 ரைஃபிள் ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் மடக்கித் தயார் பண்ற காக்கிங்கே வேண்டாம், சும்மா டப்பு டப்புன்னு சுட்டுட்டே இருக்கலாம்னு வீடியோ. பட்ஜெட் ஒரு 25, 30 ஆயிரம் வரைக்கும் போலாமுங்க.

கேக்க வேண்டியது இதுதான்: பிசிபிக்கு காத்து எங்க புடிக்கறது, எங்கூர் பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல அடிச்சுக்கலாமா? ஒரு மாடல்ல வேகம் 1200 எஃப்பிஎஸ்னு (நொடிக்கு இத்தன அடின்னு) போட்டிருக்கு, இன்னொண்ணுல 800னு இருக்கு, 1200தான நல்லது? லைசென்ஸ் ஏதும் வேணுமா? அப்பறம் நெலக்கடலைக்குள்ள மயிலு பூந்து கெளறிப்போடுது, சுட வேண்டாம், சும்மா பக்கத்துல சுட்டு மெரட்டி விடலாமா?

மதுரை_பத்தேமுக்கால்:

அண்ணே வாங்க. கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிர்றேன், ஏன்னா அதுதான் உங்கள உள்ள தள்ளும். மயில் பக்கமே துப்பாக்கிய திருப்பாதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அது முதல் அட்டவணை. "பக்கத்துலதான் சுட்டேன், பெல்லட் (உள்ள போடுற சின்ன ஈயக்குண்டு) தெறிச்சு பட்டுருச்சு"ன்னு சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். வெறட்டுறதுக்கு வேற வழி பாருங்க, இந்த விஷயத்த துப்பாக்கியோட சேர்த்தே யோசிக்காதீங்க.

லைசென்ஸ் விஷயம். 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ்படி குழலோட உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ள (அதாவது .177 இன்ச்), பெல்லட் வெளிய வரும்போது சக்தி 20 ஜூலுக்குள்ள, இந்த ரெண்டும் சரியா இருந்தா லைசென்ஸ் வேணாம். ஆதார் மாதிரி ஒரு ஐடி குடுத்து உங்க பேர்ல வாங்குங்க, பில்ல பத்திரமா வைங்க. ரெண்டுல ஒண்ணு தாண்டினாலும் லைசென்ஸ் வேணும். .22 ஏர் ரைஃபிள எவனாவது "ஒண்ணும் ஆகாது சார்"னு நீட்டுனா வாங்காம வந்துருங்க.

இப்ப அந்த 1200 கணக்கு. போட்டிக்கு சுடுற பெல்லட் ஒண்ணு 0.53 கிராம் இருக்கும். அத 20 ஜூல்ல தள்ளுனா நொடிக்கு 275 மீட்டர், எஃப்பிஎஸ்ல சொன்னா 900. அவ்ளோதாண்ணே சட்டம் விடுற உச்சம். அதே பெல்லட் 1200ல போச்சுன்னா 35 ஜூல் ஆயிரும், அது லைசென்ஸ் துப்பாக்கி. அப்ப பெட்டில 1200னு எப்படி போடுறான்? ஈயமே இல்லாத, பஞ்சு மாதிரி எடையில்லாத அலாய் பெல்லட்ட வச்சு அளந்துட்டு போடுறான். அந்த வேகத்துல அது ஒலி வேகத்தயும் தாண்டிப் போயி பட்டுன்னு வெடிச்ச சத்தம் கேக்கும், பெல்லட் தடுமாறும், எங்க படும்னு அதுக்கே தெரியாது. ஒலிம்பிக் லெவல்ல 10 மீட்டர்ல சுடுற லட்ச ரூபா ரைஃபிளே 170, 175 மீட்டர் வேகத்துலதான் தள்ளும், 8 ஜூல் பக்கம். பேப்பர்ல ஓட்ட போட அது தாராளம். அதனால எதுல பவர் ஜாஸ்திங்கிற கேள்வியவே விட்டுருங்கண்ணே. காத்து எங்கருந்து வருதுங்கிறதுலதான் உங்க சுகமும் துக்கமும் இருக்கு.

ஸ்பிரிங்ல என்ன நடக்குதுன்னா, குழல மடக்கி காக் பண்ணும்போது உள்ள ஒரு கனமான பிஸ்டன் பின்னால போயி ஸ்பிரிங்க அமுக்கி மாட்டிக்கும். ட்ரிகர் அமுக்குனதும் பிஸ்டன் முன்னால பாயும், அதுக்கு முன்னாடி இருக்குற காத்து நசுங்கி, அந்த காத்துதான் பெல்லட்ட தள்ளும். பெல்லட் குழல்ல இருக்கும்போதே துப்பாக்கி ஒருதடவ பின்னால உதைச்சு, பிஸ்டன் போய் முட்டுற நேரத்துல முன்னாலயும் இழுக்கும். இந்த ரெண்டு பக்க உதையாலதான் சாதா ஸ்கோப்பெல்லாம் (குறி பாக்க மேல மாட்டுற தொலைநோக்கி) உள்ள கண்ணாடி கழண்டு போயிரும், பெரிய தோட்டா துப்பாக்கில நிக்கிற ஸ்கோப் கூட இதுல நிக்காது, ஸ்பிரிங் ஏர்கன்னுக்குன்னே செஞ்சதா பாத்து வாங்கணும்.

இன்னொண்ணு, ஸ்பிரிங் துப்பாக்கிய இறுக்கிப் புடிச்சா ஒரு எடத்துல படும், லூசா புடிச்சா வேற எடத்துல படும். மணல் மூட்டை மேல நேரா வச்சு சுட்டா மூணாவது எடம். உள்ளங்கைய விரிச்சு அது மேல சும்மா படுக்க வச்சு, உதைக்குறதுன்னா உதைச்சுக்கோன்னு விட்டுரணும், அதத்தான் ஆர்ட்டிலரி ஹோல்ட்ம்பாங்க. கடுப்பா இருக்கும், ஆனா ஸ்பிரிங்ல நல்லா சுடத் தெரிஞ்சவன் எதுலயும் சுடுவான்.

நல்லது என்னன்னா செலவு கிடையாது. பம்ப் வேணாம், சிலிண்டர் வேணாம், பெல்லட் டப்பா இருந்தா போதும். நம்ம ஊர் கம்பெனிகளே செய்றாங்க, ப்ரீசிஹோல், எஸ்டிபி எல்லாம் இருக்கு, ஸ்பிரிங்கும் சீலும் ஸ்பேர் கெடைக்கும். பெல்லட் இல்லாம வெறுமனே சுடாதீங்க, முன்னால எதிர்க்க ஒண்ணும் இல்லாம பிஸ்டன் நேரா போயி உலோகத்துல மோதும், சீல் போயிரும். காக் பண்ணி வச்சிட்டு டீ குடிக்கப் போறதும் கூடாது. அப்புறம் புதுத் துப்பாக்கில புகை வந்து டமார்னு சத்தம் வந்தா பயப்படாதீங்க, பேக்டரில போட்ட எண்ணெய் உள்ள எரியுது, நாளாக நாளாக நின்னுரும். நீங்களா எண்ணெய் ஊத்தி அத வளர்க்காம இருந்தா சரி.

அடையார்_ஆலமரம்:

ப்ரோ, சிஓ2 பத்தி மட்டும் சொல்றேன், மத்தத மதுரைக்காரர் பாத்துக்குவார்.

அந்த 12 கிராம் குப்பிக்குள்ள இருக்கறது திரவமா இருக்கற கார்பன் டை ஆக்சைடு. அது கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி அந்த அழுத்தத்துல பெல்லட்ட தள்ளும். பிரச்சினை என்னன்னா அழுத்தம் முழுக்க முழுக்க வெப்பநிலையப் பொறுத்தது. 20 டிகிரில 57 பார், 30 டிகிரில 72 பார் (ஒரு பார்னா நம்மள சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம் அளவு). 31 டிகிரி தாண்டினா உள்ள திரவம்னு ஒண்ணு தனியா நிக்காது, அதுக்கு மேல சூடு ஏற ஏற அழுத்தம் கிடுகிடுன்னு ஏறும். நம்ம ஊர்ல 31 டிகிரிங்கறது மார்கழி மத்தியானம்! சித்திரைல 40 டிகிரில வெளில வச்சு சுட்டா அழுத்தம் ஓவராகி சிலதுல வால்வே திறக்காது, சுத்தியல் தட்டும், காத்து வராது. சரின்னு நிழலுக்குப் போய் டப்பு டப்புன்னு வேகமா சுட்டா, ஆவியாகறப்போ குப்பி ஜில்லுன்னு ஆகி அழுத்தம் இறங்கும், பெல்லட் கீழ கீழ விழும். ஒரே இடத்துல குறி வச்சும் காலைல ஒரு உயரம், மத்தியானம் ஒரு உயரம். இத வச்சு பாப்பா என்ன கத்துக்கும்?

80கள், 90கள்ல போட்டிக்கு சுடற மேட்ச் ரைஃபிள்லயே சிஓ2 இருந்துச்சு, அழுத்தின காத்து வந்ததும் அத ஓரமா வச்சுட்டாங்க. விளையாட்டுக்கு டப்பா சுட ஜாலியா இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா குப்பி செலவு தனி, ஒரு குப்பி அம்பது ஷாட் பக்கம் வரும் அவ்ளோதான், பொள்ளாச்சில குப்பிய எங்க தேடுவீங்க? இன்னொண்ணு, குப்பிய வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுல மட்டும் விட்டுடாதீங்க ப்ரோ.

பாண்டி_முக்குளிப்பான்:

பஞ்சர் கடை கம்ப்ரஸர்னு படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, மன்னிச்சுக்கங்க சார், எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான். அது 8, 10 பார் அடிக்கும். பிசிபிக்கு வேண்டியது 200 பார், சிலதுக்கு 300. லாரி டயருக்கு அடிக்கிற காத்து இதுக்கு மூச்சு விட்ட மாதிரி.

பிசிபின்னா துப்பாக்கிக்குள்ள ஒரு சிலிண்டர், அதுல முன்னாடியே காத்த அடைச்சு வச்சுக்கறோம். ட்ரிகர் அமுக்கினா சுத்தியல் வால்வ ஒரு கணம் தட்டித் திறக்கும், கொஞ்சூண்டு காத்து வந்து பெல்லட்ட தள்ளிடும். ஓடற பிஸ்டன் இல்ல, அதனால உதை இல்ல. புதுசா பழகறவங்க கூட குறி வச்ச எடத்துல போடுவாங்க. ரெகுலேட்டர் (வால்வுக்குப் போற அழுத்தத்த ஒரே அளவா வைக்கற கருவி) வச்ச மாடலா இருந்தா சிலிண்டர்ல காத்து குறையக் குறைய வேகம் மாறாது, ரெகுலேட்டர் இல்லாததுல ஆரம்பத்துலயும் கடைசிலயும் குறி கொஞ்சம் நகரும்.

ஆனா காத்து? மூணு வழி. ஒண்ணு ஹேண்ட் பம்ப். பாக்க சைக்கிள் பம்ப் மாதிரிதான் இருக்கும். 100 பார் வரைக்கும் சும்மா போகும், 150க்கு மேல கைப்பிடி மேல படுத்து மொத்த உடம்பு வெயிட்டையும் போட்டாத்தான் இறங்கும், பம்ப்போட அடிப்பாகம் தொட்டா சுடும், நடுவுல நிறுத்தி ஆற விடணும், இல்லன்னா உள்ள சீல் உருகும். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவ அழுத்தத்த வெளிய விடற ப்ளீட் ஸ்க்ரூவ திறந்தா புஸ்ஸுன்னு வெள்ளையா தண்ணியோட வரும் பாருங்க, அது நம்ம ஊர் ஈரப்பதம். அத வெளியேத்தாம விட்டா அத்தனையும் ரைஃபிள் சிலிண்டருக்குள்ள போய் துருவாக்கிடும். 200 சிசி சிலிண்டர 100லருந்து 200 பாருக்கு ஏத்த நூறு தடவைக்கு மேல அடிக்கணும். 13 வயசுப் பொண்ணால முடியாது, நீங்கதான் தினமும் அடிக்கணும்.

ரெண்டாவது, டைவிங் சிலிண்டர் ஒண்ணு வாங்கி நிரப்பி வச்சுட்டு அதுலருந்து ஏத்திக்கறது. எங்க பாண்டில, சென்னைல, ராமேஸ்வரம் பக்கம் டைவிங் நடக்கிற எடத்துல நிரப்பலாம். பொள்ளாச்சிலருந்து சிலிண்டரத் தூக்கிட்டு அலையறது நடக்கற காரியமா? அதுவும் சிலிண்டர குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருதடவ ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தத்துல தாங்குதான்னு பாக்கற சோதனை) பண்ணணும். மூணாவது, சின்ன எலெக்ட்ரிக் ஹை பிரஷர் கம்ப்ரஸர், அது உங்க பட்ஜெட்ட அங்கயே முடிச்சு வச்சுடும்.

ஒண்ணு மட்டும் எழுத்தைப் பெருசாக்கி படிச்சுக்குங்க சார்: வெல்டிங் பட்டறைல இருக்குதேன்னு ஆக்சிஜன் சிலிண்டர்லருந்து ஏத்தவே கூடாது. அழுத்தத்துல இருக்கற ஆக்சிஜனும் கிரீஸும் சந்திச்சா வெடிக்கும், கையோட போகும். சாதா காத்துலயே பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் போடாதீங்க, பிசிபிக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான். காத்த மெதுவா ஏத்துங்க.

பொள்ளாச்சி_தோப்புக்காரன்:

அடேங்கப்பா, இத்தன விஷயம் இருக்குதா இதுல! ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மயில் சமாச்சாரத்த அப்படியே விட்டுப்போட்டேன் மதுரை தம்பி. சிஓ2வும் வேண்டாம், முடிவு பண்ணிட்டேன், எங்கூர் வெயிலுக்கு ஆகாது.

அப்ப மகளுக்கு உதைக்காம இருக்கறதுக்கு பிசிபியும் எனக்கு பம்ப்புமா? இல்ல ஸ்பிரிங்கே வாங்கிக் குடுத்து கஷ்டப்பட்டு கத்துக்கட்டும்னு விட்டர்றதா? மச்சான் கேஸ் ராம்ங்கறதுக்கு யாருமே பதில் சொல்லலையேங்க.

ஊட்டி_பனிமூட்டம்:

கேஸ் ராம் நான் வச்சிருக்கேன், நான் சொல்றேன். ஸ்பிரிங் துப்பாக்கிதான் அது, ஸ்பிரிங் இருக்கற எடத்துல நைட்ரஜனோ காத்தோ அடைச்ச ஒரு சிலிண்டர், கார் டிக்கி கதவ தூக்கிப் புடிக்குதே அந்த கம்பி மாதிரி. காக் பண்றது அதே மடக்கல்தான். நல்லது: சுட்டதும் வர்ற அந்த "ட்ட்டொய்ங்"னு ஸ்பிரிங் அதிர்ற சத்தம் இல்ல, ஸ்பிரிங் முறுக்கு அவுறுறப்போ துப்பாக்கி லேசா சாயறதும் இல்ல, நாள்பட ஸ்பிரிங் தளர்ந்து வேகம் குறையற கதையும் இல்ல, கொஞ்ச நேரம் காக் பண்ணியே வச்சிருந்தாலும் பாழாகாது.

கெட்டது: உதை அப்படியேதான் இருக்கும், இன்னும் வெடுக்குன்னு இருக்கும். மடக்கற வெயிட்டு ஆரம்பத்துலருந்தே முழுசா இருக்கும், ஸ்பிரிங்ல மாதிரி மொதல்ல லேசா இருந்து போகப் போக கனமாகாது. கேஸ் கசிஞ்சிட்டா வீட்ல ஒண்ணும் பண்ண முடியாது, யூனிட்டயே மாத்தணும். ஸ்பிரிங் ஒடைஞ்சா கூட துப்பாக்கி தட்டுத் தடுமாறி சுடும், இது போச்சுன்னா போச்சு. உங்க மச்சான் சொல்றது தப்பில்ல, ஆனா அது உங்களுக்கு நல்லது, பாப்பாவுக்கு இல்ல. பவர்ஃபுல் மாடல மடக்க 15, 20 கிலோ இழுக்கணும். பாதி மடக்கறப்போ கை வழுக்கிச்சுன்னா குழல் படார்னு திரும்ப மேல வரும், லோடு பண்ற எடத்துல விரல் இருந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. மடக்கித் திறந்து வச்சு பெல்லட் போடறப்போ ஒரு கை குழல விடாம புடிச்சே இருக்கணும், இது ஸ்பிரிங்குக்கும் சேர்த்துத்தான்.

பயிற்சியக்கா:

சார், கிளப்ல சின்னப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கற அனுபவத்துல ஒண்ணு சொல்றேன், நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி தேடறீங்க, அங்கதான் சிக்கலே. பொண்ணுக்கு வேண்டியது வேற, உங்களுக்கு வேண்டியது வேற.

10 மீட்டர்ல அவ குறி வைக்கற அட்டைல பத்துங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முனை. மொத்த கறுப்பு வட்டமே 30.5 மில்லிமீட்டர்தான். இத நின்னுக்கிட்டு சுடணும், தாங்கல் கிடையாது. கிளப்ல அவ கைல இருக்கறது அநேகமா பிசிபி மேட்ச் ரைஃபிள், ட்ரிகர் மூச்சு பட்டா விழும், தோள் கட்டை, கன்னக் கட்டை எல்லாம் உடம்புக்கு ஏத்தமாதிரி நகர்த்தலாம். வாரக்கடைசில அதுல சுட்டுட்டு, வீட்ல வந்து உதைக்கற, கனமான ட்ரிகர் இருக்கற ஸ்பிரிங்ல சுட்டா ட்ரிகர இழுக்கற விரலே கெட்டுப்போகும். உதை வருமேன்னு கண்ண சிமிட்டற பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா அத எடுக்கறது பெரும்பாடு. மதுரைக்காரர் சொன்னாரே ஸ்பிரிங்ல சுடத் தெரிஞ்சவன் எதுலயும் சுடுவான்னு, பெரியவங்களுக்கு அது சரி, ஓபன் சைட் (குழல் மேல இருக்கற வெட்டையும் முனையையும் வச்சு குறி பாக்கற) பிரிவுல போட்டி போடறவங்களுக்கும் சரி. அவ போற வழிக்கு சரி வராது.

30 ஆயிரத்துக்கு நல்ல மேட்ச் பிசிபி கிடைக்காது. வெளிநாட்டு ரைஃபிள் புதுசு ரெண்டு லட்சத்துக்கு மேல போகும். சட்டுனு வாங்கவும் வேண்டாம், 13 வயசுல இன்னும் வளருவா, ரைஃபிள் 5.5 கிலோ வரைக்கும் இருக்கலாம்னு விதி, அவ்வளவு கனத்த இப்பவே தூக்கினா இடுப்பும் முதுகும் என்னாகும்? கிளப் ரைஃபிள்லயே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டட்டும். யாராவது சீனியர் மாத்தறப்போ பழசு வாங்கலாம், அப்படி வாங்கினா மொதல்ல சிலிண்டர் மேல இருக்கற தயாரிப்பு தேதிய பாருங்க, பத்து வருஷம் தாண்டினா போட்டில எடுக்க மாட்டாங்க, புது சிலிண்டர் விலையே தூக்கிப் போடும். ரேஞ்சுல எப்படியும் பெரிய சிலிண்டர் இருக்கும், மேட்ச் ரைஃபிள ஒருதடவ நிரப்பினா இருநூறு ஷாட்டுக்கு மேல வரும், வாரத்துக்கு அங்கயே ஏத்திட்டு வந்துடலாம், பம்ப் பிரச்சினையே இல்ல.

வீட்ல பயிற்சி வேணும்னா குண்டே வேண்டாம். சுவத்துல சின்ன புள்ளி ஒண்ணு போட்டு நின்னு, புடிச்சு, மூச்ச விட்டு, அப்படியே நிலையா நிக்கறது. ஜெயிக்கறவங்க எல்லாரும் செய்யறது அதுதான். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் உலகக்கோப்பைல தங்கம் வாங்கினது இதே 10 மீட்டர் பிரிவுலதான், பாப்பாகிட்ட சொல்லுங்க, பேரக் கேட்டாலே நிமிர்ந்து நிப்பா.

மதுரை_பத்தேமுக்கால்:

அக்கா சொல்றது நியாயம், பாப்பா விஷயத்துல நான் வாபஸ். ஆனா சைடுல ஒண்ணு, அக்கா, ஒரே இழுப்புல காத்த அடைச்சுக்குற சிங்கிள் ஸ்ட்ரோக் நியூமேட்டிக் பழசு எங்கயாவது கெடைச்சா? பக்கத்துல இருக்குற நெம்புகோல ஒரு தடவ இழுத்து மூடுனா ஒரு ஷாட்டுக்கு காத்து, உதையே இருக்காது, பம்ப்பு சிலிண்டர் ஒண்ணும் வேணாம். பிசிபி வர்றதுக்கு முன்னாடி மேட்ச் ரேஞ்சுல அதுதான கொடிகட்டிப் பறந்துச்சு. பழைய கிளப்புகள்ல ஒண்ணு ரெண்டு தூசி படிஞ்சு கெடக்கும்.

பயிற்சியக்கா:

கிடைச்சா தங்கம்தான் தம்பி, ஆனா சீல் காய்ஞ்சு போயிருக்கும், அதுக்கு ஸ்பேர் தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். சீல் மாத்தி நல்லா வேலை செய்யறத கண்ணால பாத்துட்டு வாங்கறதுன்னா தாராளமா வாங்கலாம். நெம்புகோல் இழுக்கறது சின்னப் பசங்களுக்கு பெரியவங்க உதவி தேவைப்படும், அத மட்டும் பாத்துக்குங்க.

பொள்ளாச்சி_தோப்புக்காரன்:

சரிங்க, இப்படி பண்ணப் போறேன். மகளுக்கு இப்போதைக்கு ஒண்ணும் வாங்கல, கிளப்லயே சுடட்டும், கோச்சுகிட்ட பழைய ரைஃபிள் வந்தா சொல்லுங்கன்னு சொல்லி வச்சுட்டேன். எனக்கு நம்மூர் கம்பெனி ஸ்பிரிங் ஒண்ணு, ரொம்ப பவர் இல்லாத மாடலா, 20 ஜூலுக்குள்ளன்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் எடுப்பேன். கடைக்காரரு மூஞ்சிய தூக்குவாரு, தூக்கட்டும். பின்னால தடுப்புக்கு என்ன வைக்கறதுங்க, தோப்புக்கு அந்தப்பக்கம் தடம் போகுது, ஆள் நடமாட்டம் உண்டு.

ஊட்டி_பனிமூட்டம்:

தடம் இருக்கற பக்கமா சுடவே சுடாதீங்க, மொதல்ல திசைய மாத்துங்க. ஏர்கன் பெல்லட் நூறு மீட்டர் தாண்டியும் போகும், கண்ணுல பட்டா கண்ணு போச்சு. கெணத்து மண்ணு குவிச்சு வச்சிருப்பீங்கள்ல, அந்த மேட்டு முன்னாடி கனமான மரப்பெட்டில மணல் நிரப்பி, மூடிக்கு பதிலா பழைய ரப்பர் மேட் தொங்க விடுங்க. ஈயம் எல்லாம் அதுலயே சேரும், அப்பப்ப சலிச்சு எடுத்துடலாம். இரும்புத் தகடு வைக்காதீங்க, தெறிச்சு திரும்ப உங்க மூஞ்சிக்கே வரும், எதுக்கும் கண்ணாடி போட்டுக்குங்க. சுட்டு முடிச்சு சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கழுவிடுங்க.

அடையார்_ஆலமரம்:

தென்னைல கட்டி வச்சு சுடாதீங்க ப்ரோ, மரமும் கெடும், வளைஞ்ச தண்டுல பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும்னும் தெரியாது. வாங்கினதும் எந்த மாடல்னு போடுங்க, எந்த பெல்லட் ஒத்துப்போகுதுன்னு நாலு பிராண்ட் சுட்டுப் பாத்துட்டு அட்டையோட போட்டோவும் போடுங்க, ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொண்ணுதான் புடிக்கும்.